அம்மா அப்பா லண்டன் வருகிறார்கள்: எங்கே, எப்படி அழைத்துப் போவது?

வணக்கம். நானும் மனைவியும் இந்த வருடம்தான் வேலைக்காக லண்டன் வந்து, இல்ஃபர்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஜூலையில் அம்மாவும் அப்பாவும் தஞ்சாவூரிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. அம்மா நன்றாக நடப்பார், ஆனால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அலுவலக நண்பர் ஒருவர் மூன்று நாளில் இருபது இடம் பார்க்கும் பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். படித்தாலே மூச்சு வாங்குகிறது. ஆறு வாரம் இருக்கப்போகிறவர்களுக்கு எதைக் காட்டலாம், எதை விடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தம்பி, அந்தப் பட்டியலை ஒதுக்கி வையுங்கள். அது திரும்ப விமானம் பிடிக்க ஓடுகிறவர்களுக்கானது. உங்கள் பெற்றோர் வருவது உங்கள் வீட்டுக்கு. ஒரு நாள் வெளியே, மறுநாள் வீட்டில் ஓய்வு. வெளியே போகும் நாளிலும் ஒரே பகுதி, அதில் ஒரே ஒரு பெரிய இடம். இந்தக் கணக்கை விட்டு நகராதீர்கள்.

லண்டனில் வயதானவர்களைச் சோர வைப்பது தூரத்தைவிடப் படிக்கட்டுதான். டியூப் என்ற சுரங்க ரயிலின் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் படியேறாமல் பிளாட்ஃபாரம் வரை போக வழியில்லை. கோவென்ட் கார்டன் நிலையத்தின் சுழல் படிக்கட்டில் மட்டும் 193 படிகள். டியூப் வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி இருக்கும். நீல வட்டத்தில் அந்தக் குறி இருந்தால் தெருவிலிருந்து ரயில் பெட்டி வரை படியே இல்லை. வெள்ளை வட்டத்தில் இருந்தால் பிளாட்ஃபாரம் வரை படியில்லை, அங்கிருந்து பெட்டிக்குள் ஏற இடைவெளியோ உயரமோ இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். உங்களுக்கு அதிர்ஷ்டம், இல்ஃபர்டில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் வழியாகப் போகும், 2022இல் திறந்த எலிசபெத் லைன் ரயில் பாதையின் 41 நிலையங்களிலும் படியில்லாமல் போய்வர வழி உண்டு. அப்பாவை அழைத்துப் போகும்போது அதுதான் உங்களுக்கு முதுகெலும்பு. அதன் மீது பஸ்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துவதே இல்லை. தாழ்வான தளம், ஏறுவது எளிது, முன்பக்கத்தில் முதியவர்களுக்கு இருக்கை. எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். முதலில் அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் கூடுதலாக எடுப்பதில்லை. சுற்றுலா பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒரு பெரிய தொகை கொடுப்பதற்குப் பதிலாக டிரஃபால்கர் சதுக்கத்தில் 15ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். ஃப்ளீட் ஸ்ட்ரீட், செயின்ட் பால் தேவாலயம், மான்யுமென்ட் என்று பழைய லண்டன் முழுவதையும் தாண்டி லண்டன் கோட்டை (டவர் ஆஃப் லண்டன்) வாசலுக்கே கொண்டுபோய் விடும். அம்மா தெம்பாக இருந்தால் மாடியில் முன் இருக்கை. அப்பாவைக் கீழேயே உட்கார வையுங்கள், ஓடும் பஸ்ஸில் அந்த ஏணிப்படி முழங்காலுக்கு ஆகாது.

2014இலிருந்து லண்டன் பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவரும் வங்கி அட்டை வேலை செய்யும், ஆனால் பல வங்கிகள் ஒவ்வொரு தடவையும் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். ஆளுக்கொரு ஆய்ஸ்டர் அட்டை, அதாவது பணம் போட்டு வைத்துக்கொள்ளும் லண்டன் பயண அட்டை, வாங்கிக் கொடுங்கள். அட்டையின் விலை திரும்ப வராது, உள்ளே போட்ட பணம் வரும். ஒரே அட்டையை இருவர் மாற்றி மாற்றித் தொட முடியாது. டியூப்பிலும் ரயிலிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் அதே அட்டையைத் தொட வேண்டும்; இறங்கும்போது மறந்தால் அதிகபட்சக் கட்டணம் போய்விடும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும், திங்கள் முதல் ஞாயிறு வரை வாரத்துக்கான உச்சவரம்பும் தானாகவே கணக்கிடப்படும். அறுபது வயதுக்கு மேல் இலவசம் என்று யாராவது சொல்வார்கள். அது லண்டனில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

இனி இடங்கள். முதல் நாள் பிரிட்டிஷ் மியூசியம். டாட்டன்ஹம் கோர்ட் ரோட்டில் இறங்கினால் நடக்கும் தூரம்தான், நுழைவு இலவசம், நேரம் குறித்த இலவச டிக்கெட்டை முன்பே எடுத்துவிட்டால் வரிசை குறையும். வெள்ளிக்கிழமை இரவு எட்டரை வரை திறந்திருக்கும். அந்த மாலையில் கூட்டம் வடிந்திருக்கும். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ரொசெட்டா கல், எகிப்தின் மம்மிகள், பிறகு 33ஆம் அறை. தஞ்சாவூர்க்காரர் அங்கே நிற்கும்போது என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும். சோழர் காலத்து நடராசர் கண்ணாடிக்குள் நிற்கிறார். பக்கத்திலேயே அமராவதியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். அந்த அறையில் அவசரப்படுத்தாதீர்கள், அப்பாவை உட்கார வைத்துவிடுங்கள். பத்தூர் நடராசர் கதையையும் சொல்லுங்கள். தஞ்சை மண்ணில் புதையுண்டு 1976இல் கிடைத்து, கடத்தி லண்டனுக்கு வந்து, இந்த ஊர் நீதிமன்றங்களில் வழக்கு நடந்து, 1991இல் இந்தியாவுக்குத் திரும்பிய சிலை அது. வழக்கில் கோயிலே ஒரு தரப்பாக நின்றது. அங்கிருந்து ரஸ்ஸல் சதுக்கம் பக்கம் கொஞ்சம் நடந்தால் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர் சிலை. பலருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் லண்டன் கோட்டை என்பேன். டிக்கெட் விலை கூடுதல்தான், ஆனால் அரை நாள் முழுதாகப் போகும். காலையில் திறந்தவுடன் நேராக அரச நகைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் வரிசை நீளும். கிரீடங்களின் முன்னால் நகரும் தளத்தில் நின்றபடியே கடக்கலாம், வேண்டுமானால் மறுபடி சுற்றி வரலாம். கோஹினூர் 1937இல் செய்த அரசியின் கிரீடத்தில் இருக்கிறது. கருநீலமும் சிவப்புமாக உடுத்திய காவலர்கள் நடத்தும் சுற்று டிக்கெட்டிலேயே சேர்த்தி. கோட்டை வளாகத்தில் பல இடங்களில் தரை உருளைக்கல், நடுவே இருக்கும் வெள்ளைக் கோபுரத்துக்குள் படிகள் அதிகம். அந்தக் கோபுரத்துக்குள் அப்பாவை அழைத்துப் போக வேண்டாம். வெளியே வந்து ஆற்றோரப் பெஞ்சில் உட்கார்ந்தால் 1894இல் திறந்த டவர் பிரிட்ஜ் கண்ணெதிரே. பாலம் எப்போது தூக்கப்படும் என்ற நேரப்பட்டியலை அவர்கள் இணையத்தில் போடுகிறார்கள், அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

லண்டன் ஐ என்ற ராட்சத ராட்டினம், ஷார்ட் என்ற உயரமான கட்டடம் இரண்டும் என் கருத்தில் தேவையில்லை. ஊரை உயரத்திலிருந்து பார்க்க ஸ்கை கார்டன் இலவசம், 2023இல் திறந்த ஹொரைசன் 22 இலவசம். பின்னது 58ஆவது மாடி. இரண்டுக்கும் முன்கூட்டியே இணையத்தில் இடம் பிடிக்க வேண்டும், வார இறுதிகள் சீக்கிரம் தீரும். லிஃப்டில் ஏறி லிஃப்டில் இறங்கலாம்.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கும் செயின்ட் பாலுக்கும் பகலில் நல்ல கட்டணம். மாலை வழிபாட்டுக்குப் போனால் கட்டணம் இல்லை. பெரும்பாலும் ஐந்து மணியளவில் பாடகர் குழு பாடும், சுமார் முக்கால் மணி நேரம். அது வழிபாடு என்பதை மனதில் வைத்து, படம் எடுக்காமல், அமைதியாக உட்கார வேண்டும். அந்தக் கல் மண்டபத்தில் எழும் குரல்களைக் கேட்க மொழி தேவையில்லை. சங்கீதம் கேட்கிற பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

கிரீனிச்சுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் டி.எல்.ஆர். ஏறி கேனரி வார்ஃபில் மாறினால் கட்டி சார்க் நிலையம். ஓட்டுநர் இல்லாத ரயில், முன் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். 1869இல் தேயிலை ஏற்றிவரக் கட்டிய கட்டி சார்க் கப்பல், கடற்பயண மியூசியம், பூங்கா எல்லாம் அடுத்தடுத்து. வானாய்வுக் கூடம் குன்றின் மேல், ஏற்றம் செங்குத்து. பூஜ்ய டிகிரி தீர்க்கரேகைக் கோட்டில் கால் வைத்து நிற்க உள்ளே டிக்கெட் வேண்டும், ஆனால் சுவருக்கு வெளியே பாதையிலும் அந்தக் கோடு குறித்திருக்கிறது. திரும்பும்போது படகில் வாருங்கள், அப்பாவுக்கு அது பெரிய ஓய்வு.

---

அண்ணா சொன்னதோடு சில வீட்டு விஷயங்களைச் சேர்க்கிறேன், தம்பி.

சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போங்கள். சுற்றுலா இடங்களில் சைவம் என்றால் சீஸ் சான்ட்விச்சும் உருளைக்கிழங்கும்தான், அம்மாவுக்கு இரண்டு நாளில் வெறுத்துவிடும். புளியோதரையும் ஒரு ஃபிளாஸ்க் காபியும் இருந்தால் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் நிம்மதியாகச் சாப்பிடலாம். அங்கே புல்வெளியில் விரித்திருக்கும் கோடு போட்ட துணி நாற்காலிகள் வாடகைக்கு, பெஞ்சுகள் இலவசம்.

கழிப்பறையை முன்பே யோசியுங்கள். தெருவில் கிடைப்பது கஷ்டம். மியூசியங்களில் இலவசம். வாட்டர்லூ, சேரிங் கிராஸ், லிவர்பூல் ஸ்ட்ரீட் போன்ற பெரிய ரயில் நிலையங்களில் 2019இலிருந்து கட்டணம் கிடையாது. முதியவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். நீங்களே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

சாலையோரம் நின்று கைபேசியில் வழி பார்க்க வேண்டாம் என்று இருவருக்கும் அழுத்திச் சொல்லுங்கள். மின்சார சைக்கிளில் வந்து பறித்துப் போவது மத்திய லண்டனில் அன்றாடம் நடக்கிறது. கடைச் சுவரை ஒட்டி நின்று பாருங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் மூன்று கிண்ணத்தில் பந்தை ஒளித்துப் பந்தயம் கட்டச் சொல்வார்கள். சுற்றி நின்று ஜெயிப்பவர்களும் அவர்கள் ஆட்களே. சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறும் முன் மொத்தக் கட்டணம் எவ்வளவு, ஆளுக்கா எல்லோருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு எடுக்காமல் வரவிடாதீர்கள். அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்குக் கட்டணம் உண்டு.

ஓய்வு நாளில் ஈஸ்ட் ஹாம் போதும். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காயும் வெற்றிலையும் தமிழில் பேரம் பேசி வாங்கலாம், மேனர் பார்க் முருகன் கோயில் உங்களுக்கு மிக அருகில். இரண்டு பேரும் தனியாகவே போய்வரப் பழகிவிடுவார்கள். ஆறு வாரம் மகனுக்காகக் காத்திருந்து வீட்டுக்குள் அடைந்து கிடப்பதுதான் அவர்களுக்குப் பெரிய கஷ்டம். இந்த ஒரு பாதையை முதல் வாரத்திலேயே கூட அழைத்துப் போய்க் கற்றுக்கொடுங்கள்.

---

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. அப்பா ஆசிரியராக இருந்தவர், பார்லிமென்டை உள்ளே பார்க்க ஆசைப்படுகிறார். டிக்கெட் எடுப்பதா, வேறு வழி உண்டா?

---

உண்டு தம்பி. இங்கே குடியிருப்பவர்கள் தங்கள் தொகுதியின் எம்.பி.க்கு எழுதிக் கேட்டால் இலவசச் சுற்றுக்கு ஏற்பாடு செய்து தருவார்கள். பல வாரம் முன்பே கேட்க வேண்டும், இன்றைக்கே எழுதுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் சபை கூடும் நாட்களில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து விவாதம் கேட்கலாம், அதுவும் இலவசம். ஜூலை இறுதியில் கோடை விடுமுறை தொடங்கிவிடும், தேதியைக் கவனியுங்கள். இன்னொன்று: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், விசாவோடு இங்கே குடியிருக்கும்போதே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். பதிந்துவிட்டு எழுதுங்கள்.

---

அக்கா, என் மாமியார் டிசம்பரில் வருகிறார். இதே திட்டம் சரிப்படுமா?

---

கொஞ்சம் மாற்ற வேண்டும் அம்மா. ஜூலையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கிரீனிச், பூங்கா எல்லாம் காலையில் முடித்து, மாலையில் மியூசியத்துக்குள் போய்விடுங்கள். ஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட், ரீஜன்ட் ஸ்ட்ரீட் விளக்கு அலங்காரத்தை வார நாள் மாலையில் பஸ்ஸிலிருந்தே காட்டலாம். 24 முதல் 26 வரை பெரிய மியூசியங்கள் மூடியிருக்கும். 25ஆம் தேதி லண்டனில் டியூப், பஸ், ரயில் எதுவும் ஓடாது. அன்றைக்கு யாராவது விமானத்தில் வருவதாக இருந்தால், காருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.