லோன் சைனிங் ஏஜென்ட் வேலைக்கு எந்தப் பயிற்சிநெறியைத் தெரிவு செய்வது?

தர்ஷி, வெள்ளவத்தை:

அனைவருக்கும் வணக்கம். நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசுமானவரின் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். காணிப் பதிவகத்தில் பதிவேடுகளைத் தேடுவது, விற்பனை உறுதிகளையும் வங்கிகளுக்கான ஈட்டு உறுதிகளையும் தட்டச்சு செய்து சரிபார்ப்பது, கையொப்பமிட வருபவர்களின் அடையாள அட்டைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது ஆகியவை என் அன்றாட வேலைகள். என் கணவர் கலிபோர்னியாவில் இருக்கிறார். எனக்கும் நிரந்தர வதிவிட விசா கிடைத்துவிட்டதால், மகளின் பாடசாலைத் தவணை முடிந்ததும் புறப்பட இருக்கிறேன்.

அங்கே வீட்டுக் கடன் எடுப்பவர்களின் இல்லத்துக்கே சென்று கடன் பத்திரங்களில் கையொப்பம் பெற்றுக்கொடுக்கும் லோன் சைனிங் ஏஜென்ட் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். என் அனுபவத்துக்குப் பொருத்தமாகவும், மகளைப் பார்த்துக்கொள்ள நேரம் கிடைப்பதாகவும் தோன்றுகிறது. ஆனால் பயிற்சிநெறியைத் தேடத் தொடங்கியதும் குழம்பிப்போனேன். சில மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கின்றன. சில பல நூறு டொலர் கேட்கின்றன. விலை கூடியவை மாதாந்தம் இவ்வளவு உழைக்கலாம் என்று உறுதியளிக்கவும் செய்கின்றன. ரூபாயில் கணக்கிட்டால் அது எனக்குச் சிறிய தொகை அன்று. இங்கிருக்கும்போதே ஒன்றைப் படித்து முடித்துவிடுவது நல்லதா? எதை வைத்து ஒரு பயிற்சிநெறியை மதிப்பிடுவது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

சாந்தினி, கலிபோர்னியா:

வணக்கம் தர்ஷி. நான் பம்பலப்பிட்டியில் வளர்ந்தவள். இப்போது இங்கே இதே வேலையைச் செய்து வருகிறேன். நீங்கள் முதலில் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கையொப்பங்களை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு அதிகாரத்தை வழங்குவது மாநில அரசு. லோன் சைனிங் பயிற்சிநெறி என்பது, அந்த அதிகாரத்தைப் பெற்றவர் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக எடுத்துக்கொள்ளும் தனியார் பயிற்சி மாத்திரமே. எவ்வளவு விலை கொடுத்தாலும் பின்னது முன்னதைப் பெற்றுத்தராது.

கலிபோர்னியாவில் நொத்தாரிசு ஆவதற்கு 18 வயது நிறைந்து, மாநிலத்தில் சட்டப்படி வசிப்பவராக இருக்க வேண்டும். மாநிலச் செயலாளர் அங்கீகரித்த 6 மணி நேரப் பாடநெறியை முடித்து, எழுத்துப் பரீட்சையில் 70 புள்ளிகளாவது பெற்று, விரல் அடையாளம் கொடுத்துப் பின்னணிச் சோதனையையும் கடக்க வேண்டும். நியமனம் கிடைத்த பிறகு, அதன் காலம் தொடங்கிய 30 நாட்களுக்குள் 15,000 டொலர் பிணைப் பத்திரத்தையும் சத்தியப் பிரமாணத்தையும் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் சமர்ப்பிக்க வேண்டும். நியமனம் 4 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். குடியுரிமை இல்லையே என்று அஞ்ச வேண்டாம். டெக்சாஸ் மாநிலம் நொத்தாரிசுகளுக்கு விதித்திருந்த குடியுரிமை நிபந்தனையை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1984 இலேயே செல்லாது என்று தீர்த்துவிட்டது. நிரந்தர வதிவிட உரிமை போதும்.

ஆகவே கொழும்பில் இருக்கும்போது லோன் சைனிங் பயிற்சிக்குப் பணம் செலுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மாநிலச் செயலாளரின் இணையத்தளத்தில் நொத்தாரிசுக் கைநூல் இலவசமாகவே கிடைக்கிறது. அதை இப்போதே வரிவரியாகப் படியுங்கள். பரீட்சைக்கும் அது போதுமான அடித்தளமாக அமையும். கணவரின் தொழில் வேறு மாநிலத்துக்கு மாறக்கூடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜோர்ஜியா, தென் கரோலினா போன்ற மாநிலங்களில் வீட்டுக் கடன் முடிப்பைச் சட்டத்தரணிகளே நடத்த வேண்டும் என்பதால், அங்கே இந்த வேலைக்கான இடம் மிகவும் குறுகியது.

இனி, தெரிவு. விளம்பரத்தைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு கடன் பத்திரக் கட்டு நூறு பக்கங்களைத் தாண்டுவது சாதாரணம். கடன் வாக்குறுதிப் பத்திரம், வீட்டை ஈடாக வைக்கும் டீட் ஒவ் டிரஸ்ட், செலவு விவரங்களைக் காட்டும் குளோசிங் டிஸ்குளோஷர், கடனை இரத்துச் செய்யும் உரிமை பற்றிய அறிவித்தல் ஆகியவற்றை உண்மையான மாதிரிப் பத்திரங்களை வைத்துப் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். நான் ஒரு பயிற்சிநெறியை எடைபோடுவது அந்த இரத்து அறிவித்தலை வைத்துத்தான். குடியிருக்கும் வீட்டின் மீதான கடனை வேறொரு கடன் நிறுவனத்திடம் மறுநிதியாக, அதாவது பழையதை அடைக்கும் புதிய கடனாக, எடுக்கும்போது, கடனாளி கையொப்பமிட்ட பிறகும் மூன்றாவது வேலை நாளின் நள்ளிரவு வரை அதை இரத்துச் செய்யலாம். இதில் சனிக்கிழமை கணக்கில் வரும்; ஞாயிறும் மத்திய அரசின் பொது விடுமுறைகளும் வரா. வெள்ளிக்கிழமை கையொப்பமிட்டால், இடையில் விடுமுறை இல்லாதபோது, செவ்வாய் நள்ளிரவுடன் உரிமை முடிகிறது. வீடு வாங்குவதற்கான கடனுக்கு இந்த உரிமையே இல்லை. திகதியைப் பிழையாக நிரப்பினால் கடன் தொகையை விடுவிப்பதே தாமதமாகும். இதைப் பல உதாரணங்களுடன் மாணவரே கணக்கிடும்படி செய்யாத பயிற்சிநெறி, எவ்வளவு அழகாக ஒளிப்பதிவு செய்யப்பட்டிருந்தாலும், பணத்துக்கு உரியதன்று.

அடுத்து, பயிற்சி முடிந்த பின் கேள்வி கேட்க ஆள் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். முதல் சில கையொப்பங்களின்போது, பத்திரத்தில் பெயர் ஒரு விதமாகவும் சாரதி அனுமதிப் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருக்கும். அந்த நேரத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் ஆசிரியர் பத்து மணி நேரக் காணொளியைவிடப் பெறுமதியானவர்.

வருமான வாக்குறுதியைப் பற்றியும் திறந்து சொல்ல விரும்புகிறேன். மறுநிதிக் கடன்கள் குவிந்தால் எங்களுக்கு வேலை குவியும். 30 ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதமாக இருந்தது. 2023 ஒக்டோபரில் 7.79 சதவீதத்தைத் தொட்டது. குறைந்த வட்டியில் கடன் வைத்திருப்பவர் அதைக் கூடிய வட்டிக்கு மாற்ற வரமாட்டார். ஆகவே எந்த ஆண்டின் வருமானத்தைக் காட்டி விளம்பரம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்துவதற்கு மாநிலச் சட்டம் அனுமதிக்கும் உச்சக் கட்டணம் 15 டொலர். பயணத்துக்கும் அச்சிடுவதற்கும் சேர்த்து ஒரு வேலைக்கு எவ்வளவு என்பது நிறுவனத்துடன் பேசித் தீர்மானிப்பது. இடைத்தரகு நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அச்சுப்பொறி, இரண்டு அளவுக் கடதாசி, பெற்றோல், தவறுகளுக்கான காப்புறுதி எல்லாம் உங்கள் செலவு. இவற்றை ஒளிக்காமல் சொல்லும் ஆசிரியரை நம்பலாம்.

கடைசியாக, சான்றிதழ். 2012 இல் அமெரிக்க மத்திய அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம், வெளியாரைக் கொண்டு செய்விக்கும் வேலைக்கும் கடன் நிறுவனங்கள் பொறுப்புக்கூற வேண்டிவரலாம் என்று அறிவுறுத்திய பின்னர், ஆண்டுதோறும் பின்னணிச் சோதனை கேட்பது வழக்கமாகிவிட்டது. 1957 இல் தொடங்கப்பட்ட நெஷனல் நோட்டரி அசோசியேஷனின் சான்றிதழையும் சோதனையையும் பல நிறுவனங்கள் ஏற்கின்றன. எனினும் உங்கள் பகுதியில் வேலை கொடுக்கும் நிறுவனங்கள் எதை ஏற்கின்றன என்பதை அவற்றிடமே கேட்டறிந்த பிறகு பணம் கட்டுங்கள்.

மகேந்திரன், கொட்டாஞ்சேனை:

நான் ஓய்வுபெற்ற சட்டத்தரணி. நீண்ட காலம் பிரசித்த நொத்தாரிசாக இருந்தவன். சாந்தினி எழுதியதுடன் முழுமையாக உடன்படுகிறேன். தர்ஷிக்கு, உங்கள் பழக்கம் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டமும், 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டமும் வகுத்த முறையில் நாம் வளர்ந்தவர்கள். இங்கே நொத்தாரிசு உரித்தைத் தேடுகிறார், உறுதியை வரைகிறார், வாசித்து விளக்குகிறார், இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் அத்தாட்சிப்படுத்துகிறார், அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் இரண்டாம் பிரதிகளைக் காணிப் பதிவாளருக்கு அனுப்புகிறார். கையொப்பமிடுபவர் “இது என்ன, பிள்ளை?” என்று கேட்டால் விளக்கிச் சொல்வது உங்கள் கடமையாகவே இருந்திருக்கும்.

அங்கே அந்த விளக்கம் சட்டத் தொழிலை அனுமதியின்றிச் செய்த குற்றமாகிவிடலாம். பத்திரங்களைக் கடன் நிறுவனமும், பணத்தையும் பத்திரங்களையும் நடுநிலையாக வைத்திருந்து கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொடுக்கும் எஸ்க்ரோ அலுவலகமும் தயாரித்துவிடுகின்றன. முகவர் ஆளை அடையாளம் கண்டு, கையொப்பம் பெற்று, அத்தாட்சிப்படுத்துவதுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை உரையாடல் பயிற்சியாகவே நடத்தும் பாடநெறியைத் தெரிவு செய்யுங்கள். மற்ற மாணவர்களைவிட உங்களுக்கு அது மிகவும் அவசியம். உரித்து வாசிக்கத் தெரிந்த உங்கள் திறமைக்கு எஸ்க்ரோ அலுவலக வேலை இன்னும் பொருந்தும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. புறப்படுமுன் உங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் விரிவான அனுபவக் கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

தர்ஷி, வெள்ளவத்தை:

ஐயாவுக்கும் சாந்தினி அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. கைநூலைப் பதிவிறக்கிவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம்: ஆங்கிலம் தடுமாறும் நம்மவர்களுக்காகத் தமிழிலும் இந்தச் சேவையை வழங்குகிறேன் என்று விளம்பரம் செய்யலாமா? அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லலாமா?

சாந்தினி, கலிபோர்னியா:

விளம்பரம் செய்யலாம், ஆனால் நிபந்தனை உண்டு. கலிபோர்னியாவில் சட்டத்தரணி அல்லாத நொத்தாரிசு ஆங்கிலம் தவிர்ந்த மொழியில் விளம்பரம் செய்தால், தான் சட்டத்தரணி அல்லர், சட்ட ஆலோசனை வழங்க முடியாது என்பதை ஆங்கிலத்திலும் அந்த மொழியிலும் குறிப்பிட வேண்டும். சட்டம் நிர்ணயித்த கட்டணங்களையும் காட்ட வேண்டும். கையொப்பமிடுபவருடன் நொத்தாரிசு நேரடியாகப் பேசக்கூடியவராக இருக்க வேண்டும், இடையில் மொழிபெயர்ப்பாளர் கூடாது என்பதும் இங்குள்ள விதி. ஆகவே தமிழ் மட்டும் பேசும் ஒரு முதியவருக்கு, தமிழ் தெரிந்த நொத்தாரிசு உண்மையிலேயே தேவைப்படுகிறார்.

ஆனால் பத்திரத்தின் உள்ளடக்கத்தை நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லத் தொடங்கினால், ஐயா எச்சரித்த எல்லைக்குள் கால் வைத்துவிடுவீர்கள். வட்டி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டலாம். ஏன் அவ்வளவு என்று கேட்டால், கடன் அதிகாரியின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, அவர் பேசி முடிக்கும் வரை பேனையைக் கீழே வைத்துக் காத்திருங்கள். பதில் திருப்தி தராவிட்டால் கையொப்பமிடாமல் விடுவதற்கும் அவருக்கு உரிமை உண்டு. அந்த வேலைக்கான உங்கள் கட்டணம் குறையலாம் என்பதற்காக அவரை அவசரப்படுத்தக் கூடாது.