சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இரவுப் பழக்கத்தை மாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எனக்கு 41 வயது. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், பழக்கங்களை மாற்றுங்கள் என்றார் மருத்துவர். இதே நோயால் அம்மாவின் கண்பார்வை குறைந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அதனால் பயமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தேன். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்று இலக்கு வைத்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்ததாம். இப்போது அதுதான் என் நம்பிக்கை.

நடை பரவாயில்லை, சாப்பிட்டதும் பத்து நிமிடம் விடாமல் நடக்கிறேன். சிக்கல் ராத்திரியில்தான். வேலை முடிய ஒன்பதரை ஆகிறது. அப்புறம் சாப்பிட்டு, போனைப் பார்த்து, படுக்க ஒரு மணி. தூக்கம் ஐந்து மணி நேரம்தான். தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மறுநாள் பசியும் கூடுகிறது, இதை நானே கவனித்திருக்கிறேன்.

இதே மாதிரி நேரத்தில் வேலை பார்ப்பவர்கள் இரவுச் சாப்பாட்டை எப்படி முன்னால் கொண்டுவந்தீர்கள்? வேலைக்கு நடுவிலேயே சாப்பிட்டுவிடுவது சரிப்படுமா? போனைத் தள்ளிவைக்க உங்களுக்கு எது உண்மையில் உதவியது? மருந்து, பொடி எல்லாம் வேண்டாம். நீங்கள் செய்து பார்த்ததைச் சொன்னால் போதும்.