ஸ்ட்ராங்ஸ் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எபிரெயமும் கிரேக்கமும் பேசலாமா?

கீழவாசல்:
எங்கள் சபையில் ஞாயிறு மாலை வேதபாட வகுப்பு எடுக்கிறேன். முறைப்படி இறையியல் படித்தவன் இல்லை. போனில் ஓர் ஆப் இருக்கிறது. வசனத்தில் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் ஸ்ட்ராங்ஸ் எண் (பைபிளின் எபிரெய, கிரேக்க மூலச்சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த வரிசை எண்), மூலச்சொல், பொருள் எல்லாம் வந்து நிற்கும். ஐந்து வருடமாக அதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. போன வாரம் யோவான் 21 எடுத்தேன். இயேசு பேதுருவிடம் "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று மூன்று தடவை கேட்கிற இடம். முதல் இரண்டு தடவை கேட்கும் கிரேக்கச் சொல் அகபாவோ, எண் 25. மூன்றாம் தடவை பிலியோ, எண் 5368. முதலாவது தெய்வீக அன்பு, இரண்டாவது வெறும் சிநேகம். பேதுருவால் ஏற முடியாத படியிலிருந்து ஆண்டவரே இறங்கி வந்தார் என்று விளக்கினேன். வகுப்பு முடிந்ததும் விடுமுறைக்கு வந்திருந்த ஓர் இறையியல் மாணவர், "அண்ணே, முதல்ல அந்த ஆப்பை அழிச்சிட்டு இலக்கணம் படிங்க" என்றார். அத்தனை பேர் முன்னால். அன்றிலிருந்து மனசே சரியில்லை. ஸ்ட்ராங்ஸ் நிஜமாகவே அவ்வளவு மோசமா?

மெய்யெழுத்து:
தம்பி சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் சரி.

ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-ல் வெளியிட்டது கன்கார்டன்ஸ். கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று தேடுவதற்கான புத்தகம். எபிரெயத்துக்கு 8,674 எண், கிரேக்கத்துக்கு 5,624. பின்னால் வரும் சொற்பட்டியல் கூடவே கொடுத்த ஒரு துணை. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் ஒரு முக்காற்புள்ளியும் கோடும் (:—) இருக்கும். அதற்குப் பிறகு வருவதைத்தான் நம் ஆட்கள் பொருள் என்று நினைத்து வரிசையாக வாசிக்கிறார்கள். அது பொருளே இல்லை. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லுக்கு அங்கங்கே என்னென்ன போட்டார்கள் என்ற கணக்கு.

இதனால் என்ன ஆகிறது என்றால், ஷாலோம், எண் 7965, எடுத்துக்கொள்ளுங்கள். சமாதானம், சுகம், செழிப்பு, பாதுகாப்பு என்று பட்டியல் நீளும். "ஷாலோம் என்று ஆண்டவர் சொன்னால் இத்தனையும் உனக்கு உண்டு" என்று பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். 2 சாமுவேல் 11:7-க்குப் போங்கள். உரியா போர்க்களத்திலிருந்து வருகிறான். தாவீது அவனிடம் யோவாபின் ஷாலோமை விசாரிக்கிறான், ஜனங்களின் ஷாலோமை விசாரிக்கிறான், பிறகு யுத்தத்தின் ஷாலோமை விசாரிக்கிறான். யுத்தத்துக்கு என்ன சமாதானம்? "சண்டை எப்படிப் போகிறது" என்பதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை. ஒரு சொல்லுக்கு எல்லா இடங்களிலும் உள்ள பொருள்களைக் கூட்டி ஒரே இடத்தில் கொட்டுவதை ஜேம்ஸ் பார் என்ற பைபிள் அறிஞர் 1961-லேயே பிழை என்று காட்டிவிட்டார். நாம் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

தரங்கைவாசி:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். படித்தவர்கள் எப்போதும் இப்படித்தான், ஏணியில் ஏறியதும் ஏணியை எடுத்துவிடுவீர்கள். கிரேக்கம் படிக்க நேரமும் பணமும் உள்ளவர் எத்தனை பேர்? பகலில் லாரி ஓட்டி, இரவில் சபை நடத்துகிற ஊழியர் என்ன செய்வார்?

கீழவாசல் பிரதர் சொன்ன யோவான் 21-ல் தவறு என்ன, அதைச் சொல்லுங்கள். 1871-ல் பவர் ஐயர் குழு கொடுத்த நம் பழைய தமிழ் பைபிளையே பாருங்கள். முதல் இரண்டு தடவை "அன்பாயிருக்கிறாயா". மூன்றாம் தடவை "நேசிக்கிறாயா". பேதுருவின் பதில் மூன்று தடவையும் "நேசிக்கிறேன்". கிங் ஜேம்ஸில் எல்லாமே ஒரே சொல்தான். மூலத்தில் வித்தியாசம் இருக்கிறது என்று தெரிந்துதானே நம் ஆட்கள் பிரித்து எழுதினார்கள்? அவர்களுக்கும் கிரேக்கம் தெரியாது என்பீர்களா?

மெய்யெழுத்து:
நல்ல கேள்வி, இதைக் கேட்டதற்கு நன்றி. அவர்களுக்குக் கிரேக்கம் நன்றாகவே தெரியும். சொல் மாறுகிறது என்பதைக் காட்டினார்கள். படி இறங்குகிறது என்று எங்கே சொன்னார்கள்?

அதே பைபிளில் யோவான் 3:35, "பிதாவானவர் குமாரனில் அன்பாயிருந்து". அங்கே கிரேக்கம் அகபாவோ. 5:20, "பிதாவானவர் குமாரனிடத்தில் அன்பாயிருந்து". அங்கே பிலியோ! பிதா குமாரன்மேல் வைத்தது வெறும் சிநேகமா? அப்புறம் 2 தீமோத்தேயு 4:10. தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் "ஆசைவைத்து" பவுலை விட்டுப் போனான். அந்த ஆசை, அகபாவோ. உங்கள் எண் 25-தான். அதுவும் தெய்வீக அன்பா?

இன்னும் ஒன்று. யோவான் 21-ல் அதே மூன்று வசனங்களுக்குள் வேறு சொற்களும் ஜோடி ஜோடியாக மாறுகின்றன. ஆட்டுக்குட்டிக்கு அர்னியா, ஆட்டுக்கு ப்ரோபாத்தா. மேய்ப்பதற்கு ஓரிடத்தில் பொஸ்கே, இன்னோரிடத்தில் பொய்மைனே. தமிழில் இரண்டும் "மேய்ப்பாயாக". 17-ம் வசனத்தில் "அறிவீர்" இரண்டு தடவை வருகிறது, கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொல். யோவான் சொல்லை மாற்றி மாற்றிப் போடுகிற எழுத்தாளர். அன்பு ஜோடிக்கு மட்டும் ஏணி கட்டிவிட்டு மற்ற ஜோடிகளை ஏன் கண்டுகொள்வதில்லை? அன்பு பிரசங்கத்துக்கு உதவும், மேய்ச்சல் உதவாது, அவ்வளவுதான்.

தரங்கைவாசி:
சரி, 5:20-ல் பிலியோ இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நான் சொல்லட்டுமா? 5368-ஐத் தட்டினால் அந்தச் சொல் வருகிற அத்தனை இடமும் வந்துவிடும். இப்போது நானே தட்டிப் பார்த்தேன், இரண்டே நிமிடம். 25-ஐத் தட்டினேன், தேமா வந்துவிட்டான். உங்கள் வாதம் முழுவதையும் ஸ்ட்ராங்ஸ் எண்ணை வைத்தே கட்டலாம். குற்றம் கருவியில் இல்லை.

மெய்யெழுத்து:
ஒத்துக்கொள்கிறேன். எண்ணைத் தேடலுக்குப் பயன்படுத்துங்கள், எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஸ்ட்ராங்கும் அதற்குத்தான் கொடுத்தார். அர்த்தத்துக்கு அதைப் பிடிக்காதீர்கள் என்கிறேன்.

நாசரேத்_டீச்சர்:
நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எபிரெயம் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது, கிரேக்கம் அதற்குப் பிறகு. இருவரும் சொல்லோடு நின்றுவிட்டீர்கள். எனக்கு ஸ்ட்ராங்ஸில் உள்ள குறை வேறு: அதில் விகுதிக்கு எண் கிடையாது.

மத்தேயு 28:19-20. நம் தமிழில் "புறப்பட்டுப்போய்", "சீஷராக்கி", "ஞானஸ்நானங்கொடுத்து" என்று எச்சங்களாக வந்து "உபதேசம்பண்ணுங்கள்" என்று முடிகிறது. தமிழில் முற்று கடைசியில்தான் வரும், அதனால் கட்டளையின் பாரமெல்லாம் உபதேசத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'போ' என்பதே கட்டளையாகி முன்னால் நிற்கிறது. அதை வைத்து எத்தனை மிஷனெரிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன்! கிரேக்கத்தில் ஏவல் முற்று ஒன்றே ஒன்று, "சீஷராக்குங்கள்". போவது, ஞானஸ்நானம் கொடுப்பது, உபதேசிப்பது மூன்றும் எச்சம் மாதிரியான வடிவம். நான்கு சொல்லுக்கும் எண் இருக்கிறது. எது முற்று, எது எச்சம் என்று அந்த எண் சொல்லாது. எனக்கு அது புரிந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை, நம்புங்கள்.

இன்னொன்று. எபிரெயம் நமக்குப் பாதி தெரிந்த மொழி. "யேஷ் லி" என்றால் "எனக்கு உண்டு". ஆங்கிலப் பாடநூல் இதை விளக்க ஒரு பத்தி எழுதும். நமக்கு ஒரு வரி போதும். "அனி தாவீத்" என்றால் "நான் தாவீது", நடுவில் ஒட்ட வினைச்சொல் வேண்டாம், தமிழ் மாதிரியே. ஆங்கிலம் வழியாகப் போய்த்தான் நாம் இதைச் சிரமமாக்கிக்கொள்கிறோம்.

சங்கமுரசு:
பாதி தெரிந்த மொழி இல்லை டீச்சர், முழுசாக நம் மொழி. சாலொமோனின் கப்பலில் வந்த மயிலுக்கு எபிரெயத்தில் துக்கி. தமிழில் தோகை. எபிரெயமே தமிழின் பிள்ளை.

நாசரேத்_டீச்சர்:
தம்பி, துக்கி தோகையிலிருந்து போயிருக்கலாம் என்று கால்டுவெல் 1856-லேயே எழுதினார், எனக்கும் அதில் ஆசைதான். எகிப்துச் சொல், அது ஒரு வகைக் குரங்கு என்று சொல்கிற அறிஞர்களும் இருக்கிறார்கள். இன்றைய இஸ்ரேலில் துக்கி என்றால் கிளி. கப்பலில் ஒரு சொல் போனால் மொழியே பிள்ளையாகிவிடுமா? "அலமாரி" என்கிறோம், தமிழ் போர்த்துகீசியத்தின் பிள்ளையா?

பழையபுத்தகம்:
கேள்வி கேட்டவரை எல்லாரும் மறந்துவிட்டோம். கீழவாசல், ஆப்பை அழிக்க வேண்டாம். அதில் 'விரிவான பொருள்' என்று வருவதன் பெயரைப் பாருங்கள். கிரேக்கத்துக்குப் பெரும்பாலும் தேயர் இருக்கும். 1880களின் அகராதி. எகிப்து மணலிலிருந்து வந்த பாப்பிரஸ் கடிதங்கள், ரசீதுகள், வாடகைப் பத்திரங்களை வைத்து டைஸ்மன் போன்றவர்கள் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் அன்றைய சாதாரண ஜனங்களின் பேச்சு என்று காட்டியது அதற்குப் பிறகு. தேயர் உங்கள் போனில் இருப்பதற்குக் காரணம் தரம் இல்லை, காப்புரிமை முடிந்துவிட்டது. இன்று அறிஞர்கள் புரட்டுவது பாவர் அகராதியின் வழிவந்த டாங்கர் பதிப்பு, 2000-ல் வந்தது. விலையைப் பார்த்தால் தலை சுற்றும், கல்லூரி நூலகத்தில் போய்ப் பாருங்கள்.

எபிரெயத்தில் நிலைமை கொஞ்சம் தேவலை. பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் மூவரின் 1906 அகராதி பழசுதான், ஆனாலும் இன்னும் கனம் உள்ளது, இலவசம். ஒரே தொல்லை, சொற்கள் வேர்ச்சொல் வரிசையில் இருக்கும். வேர் தெரியாவிட்டால் சொல் கிடைக்காது. சிரிக்காதீர்கள், அங்கே கைகொடுப்பது ஸ்ட்ராங்ஸ் எண்தான்.

கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸின் ஸ்டெப் பைபிள் இலவசம். சொல்லைத் தொட்டால் எண்ணோடு வேற்றுமை, காலம், முற்றா எச்சமா என்பதும் வரும், டீச்சர் கேட்டது அதுதான். எபிரெயம் தொடங்க யூடியூபில் அலெஃப் வித் பெத். படம் காட்டி, நடித்துக் காட்டி, எபிரெயத்திலேயே பேசுகிறார்கள், ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கும் பிடிபடும். லாரி ஓட்டுகிற ஊழியருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மெய்யெழுத்து:
வீடியோ மட்டும் போதாது. வினைத்திரிபு அட்டவணையைக் கையால் எழுதி மனப்பாடம் செய்யாமல் யாருக்கும் கிரேக்கம் வந்ததில்லை.

நாசரேத்_டீச்சர்:
எனக்கு வந்தது. அட்டவணை பிறகு எழுதினேன்.

கீழவாசல்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்டெப் பைபிள் இறக்கி யோவான் 21-ஐத் திரும்ப வாசித்தேன். 17-ம் வசனத்தில் ஒன்று தட்டுப்பட்டது. "மூன்றாந்தரம்" கேட்டதால் பேதுரு துக்கப்பட்டான் என்று இருக்கிறது. மூன்று தடவையும் கேட்டது ஒரே கேள்வி என்று யோவானே எண்ணுகிறார் போலத் தெரிகிறதே? அப்படியானால் நான் போன வாரம் சொன்னதை வகுப்பில் திருத்திச் சொல்ல வேண்டும்.

தரங்கைவாசி:
அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள் பிரதர். அதே வசனத்தில் துக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிற கேள்வி "பிலேயிஸ்", பிலியோவின் வடிவம். மூன்றாந்தரம் சொல்லை மாற்றிக் கேட்டதால்தான் துக்கம் என்று நான் வாசிக்கிறேன். இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, ஐயாவையே கேட்டுப் பாருங்கள்.

மெய்யெழுத்து:
இலக்கணம் இடம் கொடுக்கிறது, உண்மை. 5:20 கொடுக்கவில்லை.