மண்டபத்து உள்கதவு ரொம்பக் கனம், சக்கர நாற்காலியில் இருப்பவர் தானே திறக்க வழி உண்டா?

சாட்ஸ்வொர்த் மருமகள்:
என் மாமியார் வியாழன்தோறும் இங்கே பெரியவர்கள் கூடும் மண்டபத்துக்குப் போவார். வாசலில் நல்ல சரிவுப்பாதை கட்டியிருக்கிறார்கள். ஆனால் உள்ளே கழிப்பறைப் பக்கத்துக் கதவை அவரால் தள்ள முடியவில்லை. கதவு நகர்வதற்குள் நாற்காலி பின்னால் உருண்டுவிடுகிறது. "ஒவ்வொரு தடவையும் யாரைம்மா கூப்பிடுறது" என்று சொல்லி, அங்கே போனால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். கதவின் மேலே இருக்கும் டோர் குளோசரில் (கதவைத் தானாகச் சாத்தும் பெட்டி) இரண்டு திருகையும் தளர்த்திப் பார்த்தோம். படாரென்று சாத்துகிறது, திறக்க அதே கனம்தான்.

கீல்கை:
அக்கா, அந்த இரண்டையும் முதலில் பழையபடி வைத்துவிடுங்கள். அவை சாத்தும் வேகத்துக்கானவை. அளவுக்கு மீறிக் கழற்றினால் எண்ணெய் கொட்டிவிடும். திறக்கும் கனம் உள்ளே இருக்கும் சுருள்வில்லால் வருவது. அதற்கான திருகு பெரும்பாலும் பெட்டியின் ஓர் ஓரத்தில் தனியாக இருக்கும், சில மாடல்களில் இருக்காது.

அதற்கும் முன்னால், விவரம் தெரிந்த ஒருவரை வைத்துக் குளோசரின் கையை, அதாவது அதன் இணைப்புக் கம்பியை, கழற்றிக் கதவை ஆட்டிப் பாருங்கள் (வில் விசையில் கை திரும்பி அடிக்கும், விரல் பத்திரம்). அப்போதும் இறுக்கமென்றால் கோளாறு கீலில் அல்லது மரத்தில். நம் டர்பன் உப்புக்காற்றுக்குக் கீல் துருப்பிடிக்கும், மழை மாதங்களில் மரம் ஊதி நிலையில் உரசும். கதவு லேசாக ஓடினால் குளோசர்தான். கையை மாட்டியபின், பயணப்பெட்டி எடைபோடும் தொங்குதராசை மறுபக்கக் கைப்பிடியில் கோத்து இழுத்து அளவு சொல்லுங்கள். தீத்தடுப்புக் கதவு அல்லாத உள்கதவுக்கு அமெரிக்க விதி 22.2 நியூட்டன்தான் அனுமதிக்கிறது. தராசில் சுமார் 2.3 கிலோ.

மெரிபேங்க் அண்ணன்:
தங்கச்சி, அது தீத்தடுப்புக் கதவா என்று பார்த்துவிட்டு வில்லில் கை வையுங்கள். அப்படியென்றால் அது தானாக முழுசாகச் சாத்தியே ஆகவேண்டும், கட்டை வைத்து நிறுத்தவும் கூடாது. தீ அலாரம் அடித்ததும் விட்டுவிடும் மின்காந்தப் பிடிப்பான்தான் அதற்குச் சரி. பொறுப்பாளர் தயங்கினால், நம் தென்னாப்பிரிக்கக் கட்டடத் தரவிதி எஸ்.ஏ.என்.எஸ். 10400-இன் எஸ் பகுதி மாற்றுத்திறனாளிகள் வசதிக்காகவே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:
தீத்தடுப்புக் கதவு இல்லை அண்ணா, பொறுப்பாளரிடமே கேட்டு உறுதி செய்தோம். கையைக் கழற்றியதும் விரலால் தள்ளவே ஓடியது. மாட்டிய பிறகு தராசு 4.6 காட்டியது. ஓரத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 2.2க்குக் கொண்டுவந்தோம். அப்புறம் கதவு கடைசிச் சாணில் நின்றுவிட்டது; இரண்டாவது வேகத்திருகைச் சற்றுத் தளர்த்தியதும் மூடிக்கொண்டது. இந்த வியாழன் மாமியார் தானே போய்த் தானே வந்தார். திரும்பி வந்து இரண்டு கப் டீ குடித்தார்.