இறந்த நேரக் கணக்கு: எனக்கு 1.11, விடையில் 2.56. எங்கே இடிக்கிறது?

பாதிவழி: நியூட்டனின் குளிர்வு விதிக் கணக்கு (சுற்றுப்புறத்தோடு வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவோ அந்த அளவுக்கு வேகமாகக் குளிரும் என்கிற விதி). சடலத்தின் வெப்பநிலை 32 டிகிரி, ஒரு மணி நேரம் கழித்து 30.5. முதல் தடவை அளந்தபோது இறந்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்று கேள்வி. திரும்பத் திரும்பப் போட்டும் 1.11தான் வருகிறது. நாளைக்குப் பரீட்சை, சீக்கிரம் சொல்லுங்கள்.

நெய்தல்: அறை வெப்பநிலை எவ்வளவு? உயிரோடு இருந்தபோது 37 என்றுதானே எடுத்தீர்கள்?

குறுக்குவழி: அறை வெப்பநிலையைக் கழிக்க மறந்திருப்பார். எல்லாரும் சறுக்குகிற இடம் அதுதான்.

பழையமாணவன்: கழிக்காமல் போட்டால் 3 மணி நேரத்துக்குச் சற்று மேலே வரும். ஊகிக்கும் முன் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே. கேட்பவரும் பாதிக் கணக்கை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார், நாம் என்ன ஜோசியமா பார்க்கிறோம்?

பாதிவழி: அறை 21. ஆமாம், 37தான். குளிர்வு மாறிலி, அதாவது எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்கிற எண், 0.1466 வந்தது.

நெய்தல்: மாறிலி சரி, 11ஐ 9.5ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்திருக்கிறீர்கள். அடுத்தது 16ஐ 11ஆல் வகுத்து மடக்கை, 0.3747 வர வேண்டும், அதை 0.1466ஆல் வகுத்தால் 2.56. உங்களுக்கு 1.11 வந்ததென்றால் மேலே 0.1627 இருந்திருக்கும், அது 10 அடிமான மடக்கை. கால்குலேட்டரில் முதலில் எல்என் (இயல் மடக்கை), அப்புறம் லாக் (10 அடிமானம்) அழுத்தியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் லாக் போட்டிருந்தால்கூட விடை சரியாக வந்திருக்கும், விகிதம்தானே.

தடயம்: கணக்கு சரி, ஆனால் உண்மையில் இப்படி நேரம் சொன்னால் வம்பு. இறந்ததும் உடலின் உட்பகுதி உடனே குளிராது, தோலில் தொடங்கும் குளிர்ச்சி உள்ளே எட்டும்வரை சூடு ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதற்காகத்தான் மார்ஷல், ஹோர் என்ற ஆய்வாளர்கள் 1962ல் சூத்திரத்தில் ஒன்றுக்கு இரண்டு அடுக்குக்குறி உறுப்புகள் (நேரத்தோடு தேய்ந்துகொண்டே போகும் பகுதிகள்) போட்டார்கள். பின்னால் ஹென்ஸ்கே என்ற தடயவியல் மருத்துவர் உடல் எடை, உடுப்பு எல்லாம் சேர்த்து வரைபடம் செய்தார், அதிலேயே நல்ல சூழ்நிலையிலும் முன்பின் 2.8 மணி நேரம் தள்ளும். இங்கே விடையே 2.56!

பழையமாணவன்: பரீட்சைக்குப் போகிறவரிடம் பிரேதப் பரிசோதனை பாடம் எதற்கு?

தடயம்: சூடு அப்படியே நிற்கும் அந்தத் தேக்கத்தை விட்டுவிட்டால் நேரம் குறைவாக வரும், ஆள் அதற்கும் முன்பே இறந்திருப்பார். கணக்கில் வந்த தப்பான நேரத்தில் வேறெங்கோ இருந்ததாகச் சாட்சி வைத்திருப்பவன் தப்பித்துவிடுவான்.

குறுக்குவழி: காய்ச்சலோடு இறந்திருந்தால் 37ம் போச்சு.

பழையமாணவன்: கேள்வியில் காய்ச்சல் இல்லை.

பாதிவழி: 2.56 வந்துவிட்டது. நன்றி நெய்தல்.

குறுக்குவழி: இரவு முழுக்க அறை 21லேயே நின்றது என்றும்தான் கேள்வியில் இல்லை. அதை மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறீர்கள், பழையமாணவன்?