டி செல் ஏற்பியை அடக்குவது புரதச் சிதைவுதானா?

குடியாத்தம் ஆசிரியர்:
வேலூரில் நடந்த நம் அறிவியல் வட்டக் கூட்டத்தில், நோயெதிர்ப்பு வெள்ளணுவான டி செல் தன் மேற்பரப்பிலுள்ள கிளர்ந்த ஏற்பியை அழித்துவிடுவதால்தான் சமிக்ஞை அடங்குகிறது என்று நான் சொன்னதைத் தம்பி பாலாற்றங்கரையான் மறுத்தார். டி செல் ஏற்பி எதிரியை அடையாளம் கண்டதும், சிபிஎல் குடும்ப நொதிகள் 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை முத்திரைபோல அதன் உட்பகுதியில் ஒட்டுகின்றன. அந்த முத்திரை விழுந்த ஏற்பி உள்ளிழுக்கப்பட்டு லைசோசோம் என்ற செரிமானப் பையில் அழிகிறது. அந்தக் குடும்பத்தின் சிபிஎல்-பி நொதி இல்லாத எலிகளைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வுகளில், அவற்றின் டி செல்கள் சிடி28 என்ற துணை ஏற்பி தரும் இரண்டாவது அனுமதிக்குக் காத்திராமலே கிளர்ந்தன. தன்னெதிர்ப்பு நோய்க்கும் அந்த எலிகள் எளிதில் ஆளாயின. இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

பாலாற்றங்கரையான்:
ஐயா, உங்கள் சாட்சியே என் பக்கம் பேசுகிறது. அதே சிபிஎல்-பி, சமிக்ஞையைக் கடத்தும் பிஐ3 கைனேஸ் நொதியின் பி85 துணையலகில் யுபிக்விட்டினை ஒட்டியபோது அந்தப் புரதம் சிதையவில்லை, ஏற்பியின் அருகே சென்று சேர முடியாமல் போனது என்பதுதான் 2001இல் வெளியான முடிவு. சிதைவு நிகழும் இடத்திலும் அது எப்போதும் தடையாக இருப்பதில்லை. மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா பி புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் ஐ-கப்பா பி, புரதங்களை நறுக்கும் புரோட்டியசோமில் அழிந்த பிறகுதான் அழற்சி மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அங்கே சிதைவு சமிக்ஞையை அணைக்கவில்லை, மூட்டிவிடுகிறது.

குடியாத்தம் ஆசிரியர்:
ஒட்டிய யுபிக்விட்டினைக் கழற்றும் நொதிகளும் செல்லில் உண்டு என்பதால், முத்திரை மட்டும் நிலையான அடக்கத்தைத் தராது. எச்ஐவியைப் பாருங்கள். அந்த வைரஸின் விபியு புரதம் டி செல்லின் சிடி4 என்ற ஏற்பியில் புதிதாக உருவாவதைப் புரோட்டியசோமுக்கும், நெஃப் புரதம் மேற்பரப்பில் உள்ளதை லைசோசோமுக்கும் அனுப்புகின்றன. முத்திரையே போதுமென்றால் வைரஸ் ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்?

பாலாற்றங்கரையான்:
சமிக்ஞையை அடக்குவதற்காக அன்று, ஐயா. சிடி4 இருந்தால் வைரஸின் சொந்த உறைப்புரதமே உள்ளுக்குள் அதோடு ஒட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் சிக்கும். அந்த இடையூறு நீங்கவே அழிப்பு முதன்மையாகத் தேவைப்படுகிறது.

சத்துவாச்சாரி மீனா:
ஆய்வகத்தில் வேலை செய்பவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். செல்களை ஒளிரும் சாயமிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் மேற்பரப்பு ஏற்பி குறைந்திருப்பதை மட்டும் பார்த்து அது சிதைந்தது என்று எழுதக்கூடாது. உள்ளே போய்ப் பத்திரமாக இருக்கலாம். சைக்ளோஹெக்சிமைடு கொடுத்துப் புதிய உற்பத்தியை நிறுத்திவிட்டு, லைசோசோமைத் தடுக்க பாஃபிலோமைசினும் புரோட்டியசோமைத் தடுக்க எம்ஜி132உம் தனித்தனியே கொடுத்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் எந்தப் பட்டை மீள்கிறது என்று பார்க்க வேண்டும். யுபிக்விட்டின் ஏறிய புரதம் வழக்கமான பட்டைக்கு மேலே மங்கிய தடமாக நீண்டு தெரியும்.

குடியாத்தம் ஆசிரியர்:
பாஃபிலோமைசினால் மீளும் பட்டை என் கூற்றுக்குத்தான் வலு சேர்க்கும், அம்மா.

பாலாற்றங்கரையான்:
ஏற்பி அழிகிறது என்பதற்கு அது சான்றாகும். அழிந்ததால்தான் சமிக்ஞை அடங்கியது என்பதற்கு ஆகாது. ஏற்பியிடமிருந்து சமிக்ஞையைப் பெறும் கீழ்நிலைப் புரதங்களின் பாஸ்பேட் ஏற்றம், அதாவது சமிக்ஞை ஓடுவதன் அடையாளம், அதற்கு முன்பே இறங்கிவிட்டதா என்பதை அதே மாதிரிகளில் நிமிடவாரியாக அளந்தாக வேண்டும்.