டிஸ்க் கோல்ஃப் ஆட எந்த ஷூ தாங்கும்? எட்டு மாசத்துல மூணு ஜோடி போச்சு

கொங்குத்தம்பி:

வணக்கங்க. நார்த் கரோலைனா சார்லட்ல இருக்கேன், ரெண்டு வருசமா டிஸ்க் கோல்ஃப் (கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதிலா தட்டு மாதிரி டிஸ்க்க எறிஞ்சு கூடைல போடறது) ஆடறேன், வாரத்துக்கு மூணு ரவுண்டாவது போயிருவேன், பெரும்பாலும் ஹார்னெட்ஸ் நெஸ்ட் இல்லைன்னா ரெனசான்ஸ் பார்க். பிரச்சனை என்னன்னா ஷூ நிக்க மாட்டேங்குது. முதல்ல சாதாரண ரன்னிங் ஷூ போட்டு ஆடினேன், மூணே வாரத்துல முன்னாடி மெஷ் கிழிஞ்சு சாக்ஸ் தெரிய ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் ட்ரெயில் ரன்னிங் ஷூ, அது அடி ரப்பர் ஓரத்துல பிரிஞ்சு வாய் பொளந்துருச்சு. கடைசியா 140 டாலர் குடுத்து வாட்டர்ப்ரூஃப்னு ஒண்ணு வாங்கினேன், ரெண்டு மாசம் அருமையா இருந்துச்சு, இப்ப காலைல பனி விழுந்த புல்லுல நடந்தாலே இடது கால் விரல் நனைஞ்சு போகுது, வலது கால் நனையறதே இல்ல. அதுக்கு என்ன காரணம்னு புரியல. இங்க செம்மண்ணு வேற, மழை பேஞ்சுச்சுன்னா அடியில அப்பிக்கிட்டு காலையே தூக்க முடியாது.

150 டாலர் வரைக்கும் போடலாம், ஆனா ஒரு வருசமாவது வரணுங்க. எனக்குப் பாதம் கொஞ்சம் அகலம். வலது கை பேக்ஹேண்ட்தான் (கைய நெஞ்சுக்குக் குறுக்க கொண்டு போய் எறியறது) பெரும்பாலும், ஃபோர்ஹேண்ட் எப்பவாவது. எந்த ஷூ வாங்கலாம்?

ஆஸ்டின்_மதுரைக்காரன்:

தம்பி, இடது கால் மட்டும் நனையுதுன்னு சொன்ன பாரு, விசயமே அங்கதான் இருக்கு. அந்த ஷூவக் கையில எடுத்து இடது பெருவிரல் உள்பக்கம் பாரு, தேஞ்சு தையல் அறுந்திருக்கும். வலது கை பேக்ஹேண்ட் ஆளுக்கு வலது கால்தான் முன்னாடி ஊனுற கால், இடது கால் பின்னாடி வரும், டிஸ்க்க விடுற நேரத்துல அந்தக் கால் நுனி தரையில இழுபட்டுக்கிட்டே வரும். டீ பேட், அதான் நின்னு எறியற மேடை, அதுக்குக் கான்கிரீட் போடும்போது ஈரமா இருக்கறப்பவே தொடப்பத்தால இழுத்துக் கோடு போட்டு விடுவாங்க, வழுக்காம இருக்கறதுக்கு. கைய வச்சுத் தேச்சுப் பாரு, உப்புத்தாள் மாதிரிதான் இருக்கும். ஒரு ரவுண்டுக்கு 18 கூடைன்னா மேடைல இருந்து 18 தடவ, வாரத்துக்கு மூணு ரவுண்டுன்னா 54 தடவ நீ ஷூ மூக்க உப்புத்தாள்ல தேய்க்கற, எந்த மெஷ் தாங்கும்? வாட்டர்ப்ரூஃப் ஷூ எல்லாம் உள்ள ஒரு மெல்லிய சவ்வ வச்சுத்தான் தண்ணிய நிறுத்துது, வெளித்துணி போச்சுன்னா அடுத்தது அந்த சவ்வுதான்.

வலது கால்ல தேயறது வேற இடம். ஊனும்போது மொத்த வெயிட்டும் சுண்டுவிரல் பக்கம் போய் மோதும், உன் ட்ரெயில் ஷூ ஓரம் பிரிஞ்சது அந்த வலது கால்லதான்னு நெனைக்கறேன்.

அதனால பிராண்ட விட மூக்கப் பாத்து வாங்கு. விரலுக்கு மேல வரைக்கும் ரப்பர் ஏறி வந்திருக்கணும். கீன் கம்பெனியோட டார்கீ ஷூல அந்த ரப்பர் மூக்கு தடியா இருக்கும், விரல் பக்கம் இடமும் தாராளம், உன் காலுக்கு சரியா வரும். மெரல் கம்பெனியோட மோவாப் வைட் சைஸ்ல கெடைக்கும், அடி விப்ரம் ரப்பர், நல்லா ஒழைக்கும், ஆனா மூக்கு கீன் அளவுக்கு இல்ல. இந்த விளையாட்டுக்குன்னே இடியோன்னு ஒரு கம்பெனி கால் இழுபடற எடத்த வலுவாக்கி ஷூ பண்றாங்க, அகலக் காலுக்கு எப்படின்னு போட்டுப் பாத்துட்டு வாங்கு.

எதை வாங்கினாலும் ஷூ கூன்னு ஷூவுக்குப் பூசற பசை ஒரு ட்யூப் சேத்து வாங்கிரு. புது ஷூவ ஒரு தடவகூடப் போடறதுக்கு முன்னாடி இடது மூக்கு உள்பக்கத்த உப்புத்தாளால லேசா சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால தொடச்சு, ஒரு ரூபாய் காசு கனத்துக்குப் பூசு. வெரல தண்ணில நனைச்சுக்கிட்டு வழிச்சா கையில ஒட்டாது. ஒரு நாள் முழுக்க வெளிய காய வை, வாடை தலைய வலிக்க வைக்கும். தேய்மானம் எல்லாம் அது மேல போகும், தேஞ்சா மறுபடி பூசிக்கலாம். ஊர்லன்னா செருப்பு தைக்கற அண்ணன்கிட்ட குடுத்து ஒரு தோல் வச்சு தைச்சிருக்கலாம், இங்க அந்தக் கூலிக்குப் பாதி ஷூ வந்துரும். எனக்கு முன்னெல்லாம் நாலு மாசம் வந்த ஷூ இப்ப பதினஞ்சு மாசமா ஓடுது.

ஸ்கார்பரோ_யாழ்:

நான் டொரொன்டோ, ஐலண்ட் கோர்ஸிலயும் சீட்டன் பார்க்கிலயும் விளையாடுறனான். மேல அண்ணை சொன்னது முழுக்கச் சரி, ஆனா ஒண்டு சேர்த்துச் சொல்லோணும். ஒரு சப்பாத்தை வச்சுக்கொண்டு மழைக்கும் வெய்யிலுக்கும் ஓட்டப் பாக்காதேங்கோ. ஈரத்தில நல்லாப் பிடிக்கிற ரப்பர் மெத்தெண்டு இருக்கும், அது காஞ்ச கொங்கிரீட்டில கெதியாத் தேஞ்சு போகும். கெட்டி ரப்பர் நெடுக வரும், ஆனா ஈரமான வேரில கால் வச்சா வழுக்கும். ரெண்டும் ஒண்டில கிடைக்காது. நான் காஞ்ச நாளுக்கு ஒரு சோடி, ஈரத்துக்கு ஒரு சோடி எண்டு மாத்தி மாத்திப் போடுறன், ரெண்டும் நல்லாக் காயிறதுக்கு நேரம் கிடைக்குது.

காய வைக்கேக்க ஹீட்டருக்குப் பக்கத்தில வைக்க வேண்டாம். நான் ஒரு மார்கழியில அப்பிடி வச்சு, காலமை எடுத்துப் பாத்தா பசை இளகி அடி கழண்டு தொங்குது. உள்ளுக்க பேப்பரைக் கசக்கித் திணிச்சு விடுங்கோ, இரவைக்குள்ள ஈரத்தை இழுத்துப் போடும். இன்னொண்டு, மலிவா வருதெண்டு ரெண்டு மூண்டு சோடி வாங்கி அலமாரியில அடுக்கி வைக்காதேங்கோ. பொலியூரித்தேன் வச்ச அடியெண்டால் போடாமலே வச்சிருந்தாலும் காத்தில உள்ள ஈரத்துக்குச் சில வருசத்தில உதிந்து போகும்.

மினசோட்டா_மீனா:

நான் ஃபிசியோதெரபிஸ்ட், ஆடவும் செய்யறேன், அதனால முழங்காலப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். ஷூ நிறைய நாள் வரணும், வழுக்கவே கூடாதுன்னு அடியில பெரிய பெரிய பல்லு வச்சதா வாங்கிடாதீங்க. செம்மண்ணுல அது நல்லாத்தான் இருக்கும், ஆனா கான்கிரீட்ல ஊன்ற கால் அப்படியே பூட்டு போட்ட மாதிரி நின்னுடும், உடம்பு மட்டும் சுத்தும், அந்தத் திருகல் முழுக்க முட்டியிலதான் எறங்கும். எறிஞ்சு முடிச்சதும் குதிகால்ல கால் சுழலணும். கடையிலயே போட்டுக்கிட்டு எறியற மாதிரி ரெண்டு தடவ மெதுவா சுத்திப் பாருங்க, பாதம் உள்ள நழுவி ஓரத்துல மோதுச்சுன்னா அந்த ஷூ அரை சைஸ் பெருசு, இல்ல அகலம் சரியில்லன்னு அர்த்தம். சாயந்தரமா போய் வாங்குங்க, கால் அப்போ கொஞ்சம் வீங்கியிருக்கும், ஆடறப்போ போடற அதே சாக்ஸோட போங்க.

கொங்குத்தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே எடுத்துப் பாத்தேன், இடது பெருவிரல் கிட்ட பத்து பைசா அளவுக்கு வெளித்துணியே இல்ல, உள்ள வெள்ளையா ஒரு படலம் தெரியுது, அதுலயும் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. பழைய ட்ரெயில் ஷூவையும் எடுத்தேன், பிரிஞ்சது வலது கால் சுண்டுவிரல் பக்கந்தான். ரெண்டு வருசமா ஆடறேன், இத ஒரு தடவகூடத் திருப்பிப் பாக்கல.

நேத்து சாயந்தரம் போய் கீன் போட்டுப் பாத்தேன், மீனா அக்கா சொன்ன மாதிரி கடையிலயே நின்னு சுத்திப் பாத்தேன், விரல் எங்கயும் முட்டல, எடுத்துட்டேன். பழைய வாட்டர்ப்ரூஃப் ஷூவத் தூக்கிப் போடல, ஓட்டைல ஷூ கூ வச்சு காஞ்ச நாளுக்குன்னு வச்சுக்கறேன். இப்ப ரெண்டும் பால்கனில காயுது. சனிக்கிழமை மழைன்னு போட்டிருக்கான், ரெனசான்ஸ் போய் ஆடிட்டு இடது கால் எப்படி இருக்குன்னு இங்கயே எழுதறேங்க.

ஆஸ்டின்_மதுரைக்காரன்:

எழுது தம்பி. அப்படியே பக்கவாட்டுல ஃபோன வச்சு நீ எறியறதையும் ஒரு வீடியோ எடுத்துப் போடு. அந்த இடது கால் லேசா இழுபடறது வழக்கம்தான், ஆனா வெயிட்ட முன்னாடி கொண்டு போகாம பின்னாடியே வச்சுக்கிட்டு இருந்தா ரொம்ப அழுத்தி இழுக்கும், அத சரி பண்ணா தூரமும் கூடும்.